உத்தரத்துக்குக் கீழே ஓடும் ரயில்

ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 என்று கணக்குச் சொல்லும் திருத்தணிகை மலைப்படிகளை ஏறி முடித்து, மூச்சு வாங்க ஓரிடத்தில் நின்று கீழே நோக்கும் யாத்திரிகருக்கு, சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் பெரும்பாதையில் அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே ஓடுகிற வண்டி ஒரு விளையாட்டுச் சாமானாகச் சிறுத்துத் தோன்றும். அவருடைய திருஷ்டி மேலிருந்து விழுவதால் வண்டியின் கூரையும், பாதையின் வளைவும், இருபுறத்து வயலும், ஏரியும், சாலையும் ஒருசேரத் தெரிகின்றன. வண்டியைக் காட்டிலும் வண்டி ஓடும் நிலமே அங்கே பிரதானம். இதற்கு நேர் விரோதமான ஒரு பார்வையும் உண்டு. வீட்டுக் கூடத்தில் கதவு நிலைக்கு மேலே, நான்கு சுவர்களையும் சுற்றிப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் பதித்து, மாதிரி ரயிலொன்றை உத்தரத்துக்குக் கீழே ஓடவிடும் விநோதம் மேனாடுகளில் நெடுநாளாக வழங்கி வருகிறது. அங்கே வண்டி மேலே, நாம் கீழே. நிலம் கண்ணுக்குப் படுவதேயில்லை. அப்படியானால் அந்த ரயிலுக்கு மலையும் மரமும் விளக்கும் அமைத்து அலங்கரிப்பது எவ்வாறு என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள நெசவாளர் ஊராகிய பொதட்டூர்பேட்டையில் ரயில் நிலையம் இல்லை. வண்டி ஏற வேண்டியவர்கள் திருத்தணிக்கோ நகரிக்கோ போகவேண்டும். திண்டிவனத்திலிருந்து நகரிக்கு இவ்வட்டாரத்தின் வழியாகப் புதுப்பாதை போடும் திட்டத்துக்காக ஜனங்கள் பல்லாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பாதை வருகிறபோது வரட்டும். கூடத்துச் சுவரில் ஒரு பாதை போட நில ஆர்ஜிதமும் வேண்டியதில்லை, பட்ஜெட்டில் ஒதுக்கீடும் வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய காட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. பாறையும் முட்புதருமாக நிற்கும் நகரி மலைத்தொடரில், பழைய நாளில் சென்னைக் கரையை நெருங்கிய மாலுமிகள் கடலிலிருந்தே அடையாளம் கண்டுகொண்ட ‘நகரி மூக்கு’ என்ற சிகரம் இருக்கிறது. தூரத்திலிருந்து வெறும் வெளிக்கோட்டினால் மட்டுமே தன்னை இன்னதென்று காட்டிக்கொள்ளும் ஒரு மலை, மாதிரி ரயில்காரனுக்கு எவ்வளவு பெரிய சகாயம் என்பது போகப் போக விளங்கும்.

இந்தக் கலை நமக்கு முற்றிலும் புதியதென்று எண்ணுவதற்கில்லை. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தே குழந்தைகள் அமைக்கும் ‘பார்க்’ வேறென்ன? மணலைப் பரப்பி, கடுகோ கேழ்வரகோ விதைத்து முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்திக் குளமாக்கி, கல்லையும் காகிதத்தையும் குவித்து மலையாக்கி, உச்சியில் முருகன் கோயிலை வைத்து, சுற்றிலும் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலை விட்டு, மேலே சீரியல் விளக்கை மாட்டி ஒன்பது நாள் மகிழ்ந்த சமூகம் இது. ஜெர்மனியில் மேர்க்ளின் கம்பெனியார் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் ஒழுங்கான அளவுத் திட்டங்களோடு பொம்மை ரயிலை வெளியிட்டதும், அமெரிக்காவில் ஜோஷுவா லயோனல் கோவன் என்பவர் கடைக் கண்ணாடிக்குள் சரக்குகளைக் காட்டுவதற்காக மின்சார வண்டியொன்றைச் செய்துவைக்க, வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியையே விலைக்குக் கேட்டதும் இத்தொழிலின் பூர்வ சரித்திரம். ஹாம்பர்க் நகரில் 2001-இல் பிரவுன் சகோதரர்கள் திறந்த மினியேச்சர் வொண்டர்லாந்தில் இன்று சிற்றுலகமே இருக்கிறது. அங்கே கால்மணி நேரத்துக்கொரு முறை பகல் மங்கி இரவாகி, லட்சக்கணக்கான சிறு விளக்குகள் எரிந்து, மறுபடியும் விடிகிறது. நம் தேசத்தில் புணே நகரத்துக் கோத்ரூடில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் ஆயுள் முழுதும் சேர்த்த ஆசையின் பலனாக 1998-இல் திறக்கப்பட்ட சிறு ரயில் காட்சிசாலையில் பாலமும் சிக்னலும் தெருவிளக்கும் கொண்ட ஒரு குட்டி நகரத்தினூடே வண்டிகள் ஓடுகின்றன.

இவையெல்லாம் இடுப்பளவு உயரத்தில் அமைந்தவை. பார்ப்பவர் குனிந்து பார்ப்பவை. கூரையளவு உயரத்துக்கு அந்தச் சாஸ்திரத்தை அப்படியே கொண்டுபோனால் உழைப்பெல்லாம் விரயமாகிவிடும். ஏன் என்பதைக் கணக்கினால் பார்க்கலாம். நம் வீடுகளில் கதவு நிலை சாதாரணமாக 7 அடி. ஆகவே ரயில் பலகை 7½ அடியில் அமைகிறதென்று கொள்வோம். கண்மட்டம் 5 அடியுள்ள ஒருவர் பலகை விளிம்பிலிருந்து 6 அடி விலகி நின்று அண்ணாந்து பார்க்கிறார். விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளடங்கி வண்டி நின்றால், அதன் அடியிலிருந்து 1¼ அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர், பலகைக்குப் பின்னே மறைந்துபோகும். அவரே தரையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டால் மறைவு 2½ அங்குலமாக, 63 மில்லிமீட்டராக இரட்டித்துவிடும். உலகில் மிகுதியாக வழங்கும் எச்.ஓ. என்ற 87-இல் ஒரு பங்கு அளவில், நம் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை ரயில் பெட்டியின் உயரம் 46 மில்லிமீட்டர்தான். எனவே நின்று பார்ப்பவருக்கு ஜன்னலுக்கு மேற்பட்ட கூரை மட்டும் தெரியும்; உட்கார்ந்தவருக்கு வண்டியே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்! ஜெர்மனியில் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரோடு புறப்பட்ட ஜி அளவு வண்டிகளை, 22½-இல் ஒரு பங்கான அந்தப் பெரிய உருக்களை, கூரையோரத்து ரயிலுக்கு மேனாட்டார் விரும்பி எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. அந்த அளவில் பெட்டியின் உயரம் ஏழு அங்குலம் வருவதால் எவ்வளவு மறைந்தாலும் மிச்சம் இருக்கும். ஆனால் விலை மிகுதி, பாரம் மிகுதி. நம் முழு நீளப் பெட்டியொன்றைச் சரியான விகிதத்தில் செய்தால் மூன்றடிக்கு மேல் நீண்டு அறையின் மூலைகளில் திரும்ப மறுக்கும்.

எச்.ஓ. அளவையே வைத்துக்கொள்ள விரும்புவோர் தண்டவாளத்தைப் பலகையின் முன் விளிம்புக்கு இழுத்து வந்துவிட வேண்டும். வண்டியின் பக்கம் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமே உள்ளிருந்தால், உட்கார்ந்து பார்ப்பவருக்குக்கூடச் சக்கரங்கள் போக மேற்பாதி தெரியும். தடம் புரண்டால் தலையில் விழுமே என்பதற்குக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பட்டையை விளிம்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிறுத்தினால் போதும், பார்வைக்கு இடையூறில்லை. இவ்விதம் பாதை முன்னே வந்துவிட்டதால், காட்சியெல்லாம் பாதைக்குப் பின்னே, சுவருக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள நாலைந்து அங்குலத்தில் அமைய வேண்டியதாகிறது. அந்த இடத்தைச் சமதளமாக விட்டால் பிரயோசனமில்லை. விளிம்பிலிருந்து ஆறங்குலம் உள்ளே இருக்கும் வஸ்து, தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்குப் பட வேண்டுமானால் ஐந்தங்குலத்துக்கு மேல் நிமிர்ந்திருக்க வேண்டும். கொலுப்படி பின்னால் போகப் போக உயர்வதுபோல நிலமும் சுவரை நோக்கி உயர்ந்துகொண்டே போக வேண்டும். முதலில் கரை, அதற்கு மேல் பாறை, அதற்கு மேல் குன்று, அதற்கும் பின்னே வர்ணம் தீட்டிய வானம்.

ஆகவே கூரையோர ரயிலில் நாம் செய்வது நிலமன்று, அடிவானம். இதை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு மற்றவை சுலபம். ரசித்து ரசித்துச் செய்த புல்லும், சாலையில் போட்ட ஜல்லியும், பத்தொன்பது மில்லிமீட்டர் உயரமுள்ள மனித உருவங்களும் மேலே ஏறினதும் காணாமல் போய்விடும். அவற்றில் காலத்தைச் செலவிட வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் பொருள்களே இங்கே கதாநாயகர்கள். பனைமரம், கோபுரம், தண்ணீர்த் தொட்டி, சிக்னல் கம்பம், மின்சாரக் கம்பி தாங்கும் கம்பங்கள், இவையெல்லாம் வானத்தில் கோடு கிழிக்கக்கூடியவை. மனிதர்களைக் காட்டியே தீரவேண்டுமென்றால் நடைமேம்பாலத்தின்மேல் நிறுத்துங்கள்; பிளாட்பாரத்தில் நிறுத்தினால் தலைகூடத் தெரியாது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு நிலையம் இருக்கிறது. இந்தியாவிலேயே மிக நீண்ட பெயர் பூண்ட நிலையங்களுள் அதுவும் ஒன்று. அந்த மஞ்சள் பலகையை விகிதம் பிசகாமல் செய்தால் ஓர் எழுத்து மூன்று மில்லிமீட்டர் அளவில் நிற்கும். ஆறடிக்கு அப்பாலிருந்து அதை வாசிக்கத் துணிகிறவர் யார்? அளவை இரு மடங்காக்கிப் பொய் சொல்வதே இவ்விடத்தில் தர்மம். அதே நியாயத்தின்படி பனைமரத்தை மட்டும் குறைக்க வேண்டும். இருபது மீட்டர் பனை விகிதப்படி ஒன்பது அங்குலம் வளர்ந்து, பின்னாலுள்ள மலையைக் குன்றவைத்துவிடும்.

குன்று செய்ய எளிய பொருள் தெர்மாகோல்தான். அடுக்கடுக்காக ஒட்டி, கத்தியால் செதுக்கி, பசையில் நனைத்த செய்தித்தாளை இரண்டு மூன்று படலமாகப் போர்த்தி, உலர்ந்த பின் செம்மண் நிறமும் சாம்பல் நிறமும் பூசினால், உயரத்தில் சுமக்கத்தக்க லேசான பாறை கிடைத்துவிடும். சுண்ணாம்புக் கலவையால் செய்த மலை அழகானதே. ஆனால் தலைக்கு மேலே பாரம் ஏற்றுவது விவேகமன்று. புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து வைக்கலாம்; துளசியின் காய்ந்த கதிர் சிறு மரத்துக்கு நல்ல எலும்புக்கூடு. மேனாட்டார் புல்லுக்காக இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர் வரை நறுக்கிய நைலான் இழையை மின்னேற்றத்தால் நிமிரச் செய்து ஒட்டுகிறார்கள். பொதட்டூர்பேட்டை போன்ற தறியூரில் அந்த இழைக்குக் கடல் கடந்து எழுத வேண்டியதில்லை. தறியடியில் குப்பையாகச் சேரும் கழிவு நூலைப் பச்சையும் பழுப்புமாகச் சாயமிட்டுப் பொடியாக நறுக்கி, பசை தடவிய சரிவின்மேல் தூவினால் வெயிலில் காய்ந்த எல்லைப்புறத்துக் கரட்டின் நிறம் அப்படியே வந்துவிடுமென்பது என் அபிப்பிராயம். பின்புறச் சுவருக்குப் பூசும் வர்ணம் பளபளக்காத ஜாதியாக இருக்கட்டும். பளபளத்தால் வானத்தில் விளக்கின் பிம்பம் தெரியும். அடிவானத்தருகே வெளிறலாகவும் மேலே போகப் போக நீலமாகவும் தீட்டி, அறையின் மூலைகளில் கோணம் தெரியாதபடி மெல்லிய அட்டையை வளைத்து ஒட்டினால், வானம் ஒரே வானமாக நீளும்.

கதவுக்கு மேலாகப் பாதை கடக்குமிடத்தில் மட்டும் சட்டம் தலைகீழாக மாறிவிடுகிறது. அங்கே ஜனங்கள் பாதைக்கு அடியிலேயே நடந்துபோவதால், வேறெங்கும் தெரியாத அடிப்பாகம் அங்கே பிரத்தியட்சமாகிறது. பலகையை நீக்கிவிட்டு உண்மையான தூலப் பாலம் அமைப்பதற்கு இதைவிட உசிதமான இடம் இல்லை. குறுக்குச் சட்டமும் ஆணியும் வைத்து எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அது வீணாகாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் நடுக்கண், கப்பல் போவதற்காக இருபுறமும் பிளந்து உயர்ந்ததல்லவா? வாசல் நிலைக்கு மேலே அப்படியொன்றைச் செய்துவைக்கத் தைரியமுள்ள இளைஞர் யாராவது இருந்தால் அவருக்கு என் ஆசீர்வாதம்.

இனி விளக்கு. காட்சியின் பாதி வேலையை விளக்கு செய்கிறதென்பார்கள். கூரையோரத்தில் முக்கால் வேலையையும் அதுவே செய்கிறது என்பேன். முதலாவது, வானத்து விளக்கு. நகரி மலையின் வெளிக்கோட்டை மெல்லிய பிளைவுட்டில் அறுத்து, சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குலம் முன்தள்ளி நிறுத்தி, அதன் பின்புறத்துக் காலடியில் எல்.இ.டி. பட்டையைப் படுக்கவைத்தால், விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் சுவரில் ஏறிப் பரவும். மலை கறுத்து நிற்க, அதன் பின்னே வானம் சிவந்து நிற்கும் அந்தி வேளை இவ்வளவு சுலபமாக வேறெந்த வித்தையாலும் கிட்டாது. 2700 கெல்வின் என்று குறித்த மஞ்சள் ஒளிப் பட்டை அந்திக்கும், 6500 என்று குறித்த வெண்ணொளிப் பட்டை பகலுக்கும் பொருத்தம். இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி, தனித்தனி டிம்மரால் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டினால், ஹாம்பர்க்காரர் காட்டும் பகலிரவை நம் கூடத்திலும் வரவழைக்கலாம். முன்புறத்து வெளிச்சத்துக்குப் பட்டையைக் கூரையில் அப்படியே ஒட்டுவது பெரும்பாலோர் செய்யும் பிசகு. அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் அது நேரே குத்தும். திரைச்சீலைக்கு வைக்கும் பெல்மெட்டைப் போன்ற மறைப்பு ஒன்றைக் கூரையிலிருந்து மூன்றங்குலம் தொங்கவிட்டு, அதன் உட்புறத்தில் பட்டையை வைக்க வேண்டும். அறையின் நடுவிலுள்ள விளக்கை நம்பக்கூடாது. மின்விசிறியின் இறக்கைகள் அதன் ஒளியை வெட்டி வெட்டி அனுப்புவதால் மலையெல்லாம் நடுங்கும்.

இரண்டாவது, வண்டிக்குள் விளக்கு. இருட்டின கூடத்தில், வெளிச்சமான ஜன்னல்களின் வரிசையொன்று சுவரோரமாக ஊர்ந்து போவதைக் காண்பதற்காகவே இவ்வளவு பிரயாசையும் என்றுகூடச் சொல்லலாம். பெட்டியின் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்து மின்சாரத்தை எடுத்து, திசை மாறினாலும் விளக்கு அணையாதபடி ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், தூசியால் தொடர்பு விட்டுப்போகும் கணங்களில் கைகொடுக்க ஒரு கெபாசிட்டரும் சேர்த்தால் விளக்கு நடுங்காது. வேகத்தை மின்னழுத்தத்தால் ஆளும் பழைய முறையில் வண்டி நின்றால் விளக்கும் மங்கும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருப்பதால் ஸ்டேஷனில் நிற்கும் வண்டியும் ஒளியோடு நிற்கும். மூன்றாவது, வீட்டு ஜன்னலும் தெருவிளக்கும். 12 வோல்ட் மின்சாரத்தில் ஒற்றை எல்.இ.டி.யை எரிக்க 1000 ஓம் தடையைத் தொடராக இணைத்தால் சுமார் 9 மில்லியாம்பியர் ஓடும். இந்தச் சிறு உலகுக்கு அந்தப் பிரகாசம் போதும். ஜன்னலுக்குப் பட்டர் பேப்பரை உள்ளே ஒட்டுக. எல்லா ஜன்னலையும் எரியவிட வேண்டாம். நிஜமான ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் விழித்திருப்பதில்லை.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 12 அடிக்கு 10 அடி அறையின் சுற்றளவு 44 அடி, ஏறக்குறைய 13½ மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் சாதாரணப் பட்டையை முழுச் சுற்றுக்கும் போட்டால் 65 வாட், 12 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர். எட்டு ஆம்பியர் அடாப்டர் சௌகரியமாகத் தாங்கும். ஒரே முனையிலிருந்து ஊட்டினால் கடைசி மூலையில் வெளிச்சம் சோர்ந்துவிடும். ஐந்து மீட்டருக்கு ஒரு முறையாவது தனிக் கம்பி கொண்டுவந்து இணைக்க வேண்டும். தண்டவாளத்துக்கும் இப்படியே ஆறடிக்கு ஒரு இணைப்பு.

சீதோஷ்ணத்தை மறக்கலாகாது. கோடையில் தமிழ்நாட்டின் மிகக் கடுமையான உஷ்ணம் பதிவாகும் இடங்களின் வரிசையில் திருத்தணியின் பெயர் அடிக்கடி அடிபடும். மொட்டை மாடிக்குக் கீழே, உத்தரத்தை ஒட்டிய காற்று அதிலும் கொதிப்பானது. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 13 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் நாலு மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விடாதவருடைய பாதை சித்திரை மாதத்தில் பாம்பாக நெளியும். மின்விசிறிக் காற்றில் ஒட்டாத இலையெல்லாம் பறக்கும். ஒட்டடையும் பல்லியின் எச்சமும் தண்டவாளத்தில் மின் தொடர்பைக் கெடுக்கும். தினமும் ஏணி போட முடியாதாகையால், அடியில் ஃபெல்ட் துணி கட்டிய சரக்குப் பெட்டியொன்றை எஞ்சினின் பின்னே கோத்துவிட்டு இரண்டு சுற்று ஓடவிடுவதே உத்தமம். இவ்வளவையும் சுமக்கும் பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் இரண்டடிக்கு ஒரு இரும்புத் தாங்கியும் வேண்டும்.

வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. திருவிழாக்களில் மாட்டும் சீரியல் செட்டுகளில் பல நேரே 230 வோல்ட்டில் எரிபவை. தெர்மாகோலும் காகிதமும் நூலும் சூழ்ந்த இடத்தில் அவற்றைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள், 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட விளக்கு எதுவும் அந்தப் பலகையில் ஏறவேண்டாம். முழு அறையையும் ஒரே மூச்சில் செய்யப் புறப்படவும் வேண்டாம். ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, முதலில் மலையின் அட்டை வெளிக்கோட்டையும் அதன் பின்னே ஒரு விளக்குப் பட்டையையும் மட்டும் பொருத்தி, நின்றும் உட்கார்ந்தும் பார்த்து, அதன்பிறகு தண்டவாளத்துக்கு ஆணி அடியுங்கள்.